துபாஷி வீட்டுச் சமத்துவம்

1889 மே 2, வியாழன்

பிரெஞ்சு தேசத்து ஜனங்கள் ராஜாவின் சிறைக்கோட்டையை இடித்து, வருகிற ஜூலை பதினான்காம் தேதியோடு நூறு வருஷம் ஆகிறது. அதைக் காரைக்காலில் கொண்டாட இன்று ஒரு கமிட்டி அமைத்தோம். உறுப்பினர் அனைவரும் சமத்துவத்தில் பற்றுள்ளவர்கள். யார் பெயரை முதலில் எழுதுவது என்று முடிவாக விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. கடைசியில் அகர வரிசை என்று தீர்மானித்து, அருணாசல முதலியார் பெயரை முதலில் போட்டோம். அகர வரிசையை முன்மொழிந்தவர் அவர்தான்.

நான் காரியதரிசி. மேரியில், அதாவது எங்கள் ஊர் நகரசபையில், துபாஷியாக இருப்பதால் பிரெஞ்சு தெரியும் என்பது ஒரு காரணம். வேறு யாரும் வேலை செய்ய ஒப்பவில்லை என்பது இன்னொரு காரணம். சரித்திர காரியத்துக்குக் காரியதரிசியானவன் நாட்குறிப்பு வைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. ஆகவே இது.

நடக்கும் தமிழ் வருஷத்துக்கு விரோதி என்று பெயர். அதைக் கமிட்டியில் யாரும் குறிப்பிடவில்லை.

மே 5, ஞாயிறு

விழாவில் வாசிப்பதற்காக மனித உரிமைப் பிரகடனத்தைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினேன். என் எழுத்தை மறுநாள் நானே வாசிக்க முடியாது. ஆகவே நல்ல பிரதி எடுப்பது என் தங்கை குஞ்சிதத்தின் வேலை. அவளுக்குப் பன்னிரண்டு வயதில் கல்யாணம். பதினான்காம் வயதில் கணவன் வாந்திபேதியில் போனான். பத்து வருஷமாக வெள்ளைப் புடவையோடு என் வீட்டில் இருக்கிறாள். தமிழும் பிரெஞ்சு எழுத்தும் நானே கற்றுக்கொடுத்தேன். பிரெஞ்சுக்கு அர்த்தம் கற்றுக்கொடுக்கவில்லை. நகல் எடுக்க அர்த்தம் தேவையில்லை. பெண் கல்வியில் எனக்குள்ள ஈடுபாட்டுக்கு அவளே அத்தாட்சி.

முதல் பிரிவை எழுதி முடித்து மை உலர மணல் தூவினாள்.

"மனுஷர் எல்லாரும் பொறப்பால சமம்னு போட்டிருக்கீங்க. இது சட்டமாண்ணே, ஆசையா?"

"பிரகடனம்."

"அப்படீன்னா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

"நடுவுல எவ்வளவு தூரம் இருக்கும்?"

நகல் எடுப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் வரக்கூடாது. ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

மே 9, வியாழன்

எட்டு வருஷத்துக்கு முன் ஓர் உத்தரவு வந்தது. இருபத்தொரு வயது நிரம்பிய எவரும் மேரிக்கு வந்து, தம் சாதி ஆசாரச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்படலாம். ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு திரும்ப முடியாது. அப்படி வந்தவர்களை ரெனோன்சான் என்கிறோம்.

வருகிறவரிடம் பதிவு அதிகாரி முசே தூவால் பிரெஞ்சில் கேட்பார். நான் தமிழில் கேட்பேன். அவர் "ஆமாங்க" என்பார். உடனே நான் பிரெஞ்சில், "என் முன்னோரின் சட்டத்தை நான் என் சொந்த விருப்பத்தால் துறக்கிறேன்" என்பேன். "இவர் துறக்கிறார்" என்று சொல்லக்கூடாது. துபாஷி பேசுபவரின் வாயாக இருக்க வேண்டும் என்பது முசேயின் கண்டிப்பு. இந்த எட்டு வருஷத்தில் காரைக்காலில் என்னளவு துறந்தவர் ஒருவரும் கிடையாது.

வருகிறவர்கள் பெரும்பாலும் சேரிக்காரர்களும் கிறிஸ்தவர்களும்தான். எங்கள் பிள்ளைமாரும் முதலிமாரும் அந்த உத்தரவை வெகுவாகப் பாராட்டுகிறார்கள். இன்று வந்தவர் செக்கடித் தெரு சந்தியாகு.

"வீட்டுப் பேரு என்னன்னு வச்சுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"வீடே இல்லீங்களே. பேரு மட்டும் எதுக்குங்க?"

லாமேசோன் என்று எழுதிக்கொடுத்தேன். பிரெஞ்சில் வீடு என்று அர்த்தம். சந்தியாகு அதை நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

நீ எப்போது துறப்பாய் என்று முசே என்னிடம் வருஷத்துக்கு ஒரு முறை கேட்பார். போன வருஷம் தாயார் திவசத்தைச் சொன்னேன். இந்த வருஷம் மகள் அகிலாவின் கல்யாணத்தைச் சொன்னேன். "உன் குடும்பத்தில் விசேஷங்கள் நிறைய" என்றார். வெள்ளைக்காரர்களுக்கு நம் குடும்ப வாழ்க்கை புரிவதில்லை.

மே 14, செவ்வாய்

கொல்லைக் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. ஆறாம் பிரிவு முடிந்தது.

மே 19, ஞாயிறு

நாகப்பட்டினத்திலிருந்து வக்கீல் சோமாஸ்கந்தம் பிள்ளை அகிலாவைப் பார்க்க வந்தார். அவர் மகனுக்கு ஆவணியில் முடிப்பதாகப் பேச்சு. அகிலாவுக்குப் பத்து வயது நடக்கிறது. இதைவிட்டால் இந்த வட்டாரத்தில் வேறு நல்ல இடம் இல்லை என்று மனைவி தையல்நாயகி சொல்கிறாள். நானும் அப்படியே நினைக்கிறேன்.

சோமாஸ்கந்தம் பிள்ளை காங்கிரஸ் மகாசபைக்குப் பிரதிநிதியாகப் போய் வந்தவர். எங்கள் ஊர்மேல் அவருக்குப் பொறாமை.

"உங்களுக்கு ஓட்டு இருக்கு பிள்ளைவாள். ஆத்தைத் தாண்டி எங்க பக்கம் வந்து ஓட்டுன்னு வாயத் தெறந்து பாருங்க. ராஜத்துரோகம்ங்கறான்."

"ஓட்டு இருக்கு. பொட்டிக்குள்ள எதப் போடணும்னு முந்தின நாளே நாட்டாண்மை சொல்லிடுவார். செத்துப்போன எங்க சித்தப்பா ரெண்டு எலக்‌ஷனாத் தவறாமப் போட்டுட்டு இருக்கார்."

"அதெல்லாம் சில்லறைக் குறை. நாமெல்லாம் ஒரே தேசம்ங்கற எண்ணம் வந்துட்டா சரியாப் போயிடும்."

"எந்த தேசம் சம்பந்தி? இந்தக் கரையில நான் பிரெஞ்சு. அந்தக் கரையில நீங்க இங்கிலீஷு."

"ரெண்டு கரையிலயும் ஒரே வெத்தலைதானே போடறோம்? அதான் தேசம்." நன்றாகச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணு. சமூகச் சீர்திருத்தம்னு இப்பவே கிளம்பிடப்படாது. விதவா விவாகம், அது இதுன்னு ஆரம்பிச்சா தேசம் ரெண்டாப் பொளந்துடும். மொதல்ல கவுன்சில்ல நாலு எடம் வாங்குவோம். அதுவரைக்கும் பொறுக்கணும்" என்றார்.

யார் பொறுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சம்பந்தியாகப் போகிறவரிடம் நிறையக் கேட்கக்கூடாது.

குஞ்சிதம் பின்கட்டிலேயே இருந்தாள். சுபகாரியத்துக்கு வந்தவர் முன்னால் அவள் வருவது வழக்கமில்லை.

மே 27, திங்கள்

அரசாங்கப் பள்ளி ஆசிரியர் அப்பாத்துரை இப்போதெல்லாம் வாரம் இரண்டு தடவை என் பத்திரிகைகளை இரவல் வாங்க வருகிறார். எங்கள் வகுப்புதான். மனைவியை இழந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் துறந்து, பிரூதான் என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார். முன்யோசனைக்காரர் என்று பொருள். அவருக்கு என் மொழிபெயர்ப்பில் மிகுந்த ஈடுபாடு. கையெழுத்துப் பிரதியைக் கேட்டு வாங்கி, ஒரே பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். "இந்த எழுத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம்" என்றார். கருத்தைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஊரில் என்னைப் புரிந்துகொண்டவர் ஒருவராவது இருப்பது ஆறுதல்.

பிரகடனத்தோடு எட்டு வருஷத்துக்கு முந்தைய அந்த உத்தரவையும் அனுபந்தமாகச் சேர்க்கிறேன். குஞ்சிதம் அதை நகலெடுக்கும்போது பேனாவைக் கீழே வைத்தாள்.

"இருபாலாரும்னு எழுதியிருக்கீங்களே. அப்படித்தான் இருக்கா, நீங்க சேர்த்ததா?"

"நான் எதையும் சேர்க்கவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன். துபாஷிக்கு அதுதானே லட்சணம். அப்படித்தான் இருக்கு."

"பொம்பளைங்க யாராச்சும் வந்திருக்காங்களா?"

"புருஷனோட வருவாங்க."

"புருஷன் இல்லாதவங்க?"

"யாரும் வரல்லை."

"வந்தா எழுதுவாங்களா?"

"எழுதித்தான் ஆகணும்" என்றேன். அந்த உத்தரவின் உயர்வைப் பற்றிக் கொஞ்சம் விளக்கினேன். நம் ஆசாரப்படி எங்கள் வகுப்பில் விதவைக்கு மறுமணம் செல்லாது; பிரெஞ்சுச் சட்டப்படி தாராளமாகச் செல்லும் என்பதை உதாரணமாகக் காட்டினேன். அவள் கவனமாகக் கேட்டாள். நல்ல மாணவி.

ஜூன் 6, வியாழன்

நாற்காலிச் சிக்கல் தீர்ந்தது.

சேரி ரெனோன்சான்களும் விழாவுக்கு வருவார்கள். சட்டப்படி அவர்களுக்கும் நாற்காலி போட வேண்டும். போட்டால் எங்கள் பெரியவர்கள் உட்கார மாட்டார்கள். போடாவிட்டால் சமத்துவ விழாவில் சமத்துவம் இல்லை என்று முசே தூவால் வருத்தப்படுவார். மூன்று கூட்டம் நடந்தது. இன்று அருணாசல முதலியார் என் மொழிபெயர்ப்பையே கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். இன்று காலைதான் எழுதிய பதினேழாம் பிரிவை என்னைக்கொண்டே படிக்கவைத்தார். சொத்துரிமை புனிதமானது, மீற முடியாதது.

"ஆகவே கமிட்டி ஒரு நாற்காலியும் போட வேண்டியதில்லை. எல்லாரும் சமமா நிப்போம். யாராச்சும் சொந்த நாற்காலிய வீட்டுலேர்ந்து எடுத்தாந்து உக்காந்தா, அது அவங்க சொத்து. பிரகடனமே தடுக்க முடியாது."

ஏகமனதாக நிறைவேறியது. ஒரு தத்துவம் நூறு வருஷத்தில், ஆறாயிரம் மைல் தாண்டி வந்து, இவ்வளவு துல்லியமாகப் பயன்பட்டதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. மாங்கனித் திருவிழாப் பந்தற்காரரே இதற்கும் பந்தல் போடுகிறார்; அதே மூங்கில், அதே தோரணம். கொடி மட்டும் வேறு.

ஜூன் 15, சனி

இன்று காலை குஞ்சிதம் என் மேசைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சொன்னாள். அப்பாத்துரை அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். அவளுக்குச் சம்மதம். மேரிக்கு வந்து துறக்கப் போகிறாள்.

பத்திரிகைகள் எப்போதும் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்ததை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

"அகிலா கல்யாணம் ஆவணியில இருக்கு. தெரியும்ல?"

"தெரியும்ணே."

"சோமாஸ்கந்தம் பிள்ளை காதுல விழுந்தா அந்தச் சம்பந்தம் போச்சு. வேற எவனும் இந்த வாசப்படி ஏற மாட்டான். அகிலா முடியட்டும். அப்புறம் பாப்போம்."

"அகிலா முடிஞ்சதும், அவ மாமியார் வீட்டுல என்ன சொல்லுவாங்களோம்பீங்க. அப்புறம் அவ பிள்ளைக்குக் காதுகுத்தும்பீங்க. நான் ஒண்ணும் அகிலாவுக்குக் கெடுதல் நெனைக்கலை. அவளத் தூக்கி வளர்த்தவ நான்தான்."

"பொறுத்துக்கன்னுதானே சொல்றேன்."

"நூறு வருஷமாப் பொறுத்தாச்சுன்னு முகவுரையில நீங்கதானே எழுதுனீங்க. நான் நகல் எடுத்தேன்."

நான் கோபப்படவில்லை. ஆறாம் பிரிவை எடுத்துச் சொன்னேன்: சட்டம் என்பது பொது விருப்பத்தின் வெளிப்பாடு, தனி ஒருவரின் விருப்பம் அல்ல. வீட்டுக்கும் அது பொருந்தும். வேண்டுமானால் வாக்கெடுப்பு வைக்கலாம் என்றேன். எங்கள் ஊர்த் தேர்தல் விதிப்படி இருபத்தொரு வயது நிரம்பிய ஆண்களுக்கே ஓட்டு. வீட்டில் அந்தத் தகுதி உள்ளவன் நான் ஒருவன். ஒத்திவைப்பது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

குஞ்சிதம் சிரித்தாள். சிரித்ததால் ஒப்புக்கொண்டாள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஜூன் 24, திங்கள்

குஞ்சிதம் ஒன்பது நாளாகப் பேசவில்லை. ரசம் நன்றாகவே இருக்கிறது. நகல் மட்டும் பத்தாம் பிரிவோடு நிற்கிறது.

ஜூலை 4, வியாழன்

வெயில் கடுமை. மேரியில் இன்று ஒரே ஒரு பதிவு. மொழிபெயர்ப்பில் ஒரு வாக்கியம் தவறிவிட்டது, உடனே திருத்திக்கொண்டேன். ராத்திரி சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை.

ஜூலை 5, வெள்ளி

நேற்றைய குறிப்பு கொஞ்சம் சுருக்கமாகிவிட்டது. காரியதரிசி என்ற முறையில் விவரமாக எழுத வேண்டும்.

பத்து மணிக்குக் குஞ்சிதம் வந்தாள். அப்பாத்துரையும் இரண்டு சாட்சிகளும் கூட வந்தார்கள். சாட்சிகளில் ஒருவர் சந்தியாகு லாமேசோன். கேள்விகள் முடிந்த பிறகே மற்றவர்களை உள்ளே விடுவது முசேயின் வழக்கம். ஆகவே அறைக்குள் நாங்கள் மூவர்தான். வாசலில் சேவகன் முனியன்.

முசே அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். எனக்கு நாற்காலி கிடையாது. துபாஷி நிற்க வேண்டும். பெயர், வயது, கணவன் இறந்த வருஷம் எல்லாம் ஆயிற்று. அவள் என் தங்கை என்று முசேயிடம் நான் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை.

பிறகு கேட்டார்: இது உன் சொந்த விருப்பமா, வேறு யாருடைய தூண்டுதலா, இன்றே பதிவு செய்ய வேண்டுமா?

நான் தமிழில் கேட்டேன். வீட்டில் "நீ" என்பேன். மேரியில் எல்லோரையும் போல "உங்களோட சொந்த விருப்பமா?" என்றேன்.

"என் சொந்த விருப்பம். யார் சொல்லியும் வரல்லை. இன்னைக்கே எழுதணும்" என்றாள்.

முசேயின் பக்கம் திரும்பி, வழக்கம் போலப் பேசுபவரின் வாயாக நின்று, நான் பிரெஞ்சில் சொன்னது இது: "என் விருப்பம்தான். ஆனால் யோசிக்க எனக்கு இன்னும் சில மாதங்கள் அவகாசம் வேண்டும்."

வெயிலில் இப்படி ஆவதுண்டு.

முசே பேனாவை வைக்கப் போனார். குஞ்சிதம் "நோன்" என்றாள்.

பிரெஞ்சில் இல்லை என்று அர்த்தம். சத்தமாகச் சொல்லவில்லை. வாசலில் முனியன் திரும்பிப் பார்த்தான். பிறகு அவள் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: "நான் அவகாசம் கேக்கல்லை. இன்னைக்கேன்னு சொன்னேன்."

நகல் எடுக்க அர்த்தம் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். பத்து வருஷம் எடுத்தால் அதுவாக வந்துவிடும் போலிருக்கிறது.

"என்ன சொல்கிறாள்?" என்றார் முசே.

"என் பிழை, முசே. மறுபடி கேட்கிறேன்."

மறுபடி கேட்டேன். மறுபடி அதையே சொன்னாள். இந்தத் தடவை அப்படியே சொன்னேன். "என் முன்னோரின் சட்டத்தை நான் என் சொந்த விருப்பத்தால் துறக்கிறேன்." அவளுடைய முன்னோர் என் முன்னோர்தான். அவள் கையெழுத்துப் போட்டாள். முசே அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு அழகான எழுத்தை இந்தப் புத்தகத்தில் பார்த்ததில்லை என்றார். அதை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. அவளுக்குத் தேவைப்படவும் இல்லை.

ஜூலை 6, சனி

குஞ்சிதம் கல்யாணம் வரை அப்பாத்துரையின் அக்காள் வீட்டில் இருப்பாள். காலையில் ஒரு மூட்டையோடு கிளம்பினாள். அகிலா அழுதாள். தையல்நாயகி உள்ளே போய், தன் சீர்ப் பாத்திரங்களிலிருந்து ஒரு வெண்கலப் பானையை எடுத்து வந்து மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் எதிர்பார்க்கவில்லை.

அவள் போன பிறகு தையல்நாயகி கேட்டாள்: "முனியன் பொஞ்சாதி கொளத்துல என்னமோ சொன்னா. நீங்க அங்க என்னத்தத்தான் மொழிபெயர்த்தீங்க?"

வயிறு இன்னும் சரியாகவில்லை என்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

விழா சிறப்பாக நடந்தது. சொந்த நாற்காலிகள் பதினாறு வந்தன. சிலவற்றுக்குக் குடை பிடிக்க ஆள் வந்தான். சேரிக்காரர்கள் பந்தலின் பின்பக்கம் வெயிலில் சமமாக நின்றார்கள். தேசிய கீதம் வாசித்தபோது முசே தூவால் எழுந்தார். அவரைப் பார்த்து நாற்காலிக்காரர்கள் எல்லோரும் எழுந்தார்கள். பாட்டு முடியும்வரை காரைக்காலில் பூரண சமத்துவம் நிலவியது. முடிந்ததும் உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் பிரகடனத்தை வாசித்தேன். பத்தாம் பிரிவு வரை குஞ்சிதத்தின் எழுத்து, தடையில்லாமல் போயிற்று. பதினொன்றிலிருந்து என் எழுத்து. எண்ணங்களைத் தடையின்றி வெளியிடுவது மனிதனின் மிக மதிப்புள்ள உரிமை என்ற இடத்தில் ஒரு வார்த்தை விளங்காமல் வெகுநேரம் நின்றுவிட்டேன். உணர்ச்சிவசப்பட்டேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

ஜூலை 21, ஞாயிறு

இன்று காலை நாட்டாண்மை வீட்டுக் கூடத்தில் வகுப்புக் கூட்டம். என் விஷயம்தான். தங்கை ஊரறியச் சாதியை விட்டாள். அதைப் பதிவு செய்த இடத்தில் அண்ணன் நின்று துணை செய்தான் என்பது குற்றம். அருணாசல முதலியார் வேறு வகுப்பாக இருந்தும் மரியாதைக்காக வந்திருந்தார். உட்காருவதற்கு நாற்காலி இல்லை, ஜமக்காளம்தான்.

கூட்டத்துக்கு முன்பே சோமாஸ்கந்தம் பிள்ளை என்னைத் தனியே அழைத்துக்கொண்டு போனார். அவர் கெட்டவரல்ல. அதை எழுதிவைக்க வேண்டும்.

"பிள்ளைவாள், முனியன் சொன்னது எனக்கும் வந்துது. நீங்க தடுக்கத்தான் பாத்திருக்கீங்க. அவ சொன்னதை மாத்திச் சொன்னீங்களாமே?"

நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"இதுல வெக்கப்பட என்ன இருக்கு? அண்ணன்னா அப்படித்தான் செய்வான். அந்த ஒரு வார்த்தைய உள்ள வந்து சொல்லிடுங்க. தடுத்தேன், முடியல்லைன்னு. நாட்டாண்மைகிட்ட நான் பேசிட்டேன். ஒரு அபராதம் போட்டு விட்டுருவாங்க. ஆவணியில நம்ம கல்யாணம் நடக்கும். வெள்ளைக்காரன் காதுக்கு ஒண்ணும் போகாது. எல்லாரும் நம்ம ஆளுங்கதான்."

பதினேழு நாளாக நான் யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைத்த ஒரே விஷயத்துக்கு இப்போது நல்ல விலை வந்திருந்தது. அதுவும் உண்மை. பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. உண்மையைச் சொன்னால் சம்பந்தம் நிற்கும், வாசலுக்கு வண்ணானும் நாவிதனும் வருவார்கள், அகிலாவின் வாழ்க்கை கெடாது.

கூடத்தில் நாட்டாண்மை நேராகக் கேட்டார்.

"என்னப்பா சபாநாயகம், நீ அங்க தடுத்தியா, இல்லியா?"

அந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஒன்றும் பெரிதாக நினைக்கவில்லை. அறையில் அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. முதுகைச் சாய்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமில்லாதவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

"தடுக்கல்லை" என்றேன். "அவ என்ன சொன்னாளோ அதை அப்படியே சொன்னேன். ஒரு எழுத்து மாத்தல்லை."

"முனியன் வேற மாதிரி சொல்றானே?"

"முனியனுக்குப் பிரெஞ்சு தெரியாதுங்க."

சோமாஸ்கந்தம் பிள்ளை என்னைப் பார்த்தார். பைத்தியக்காரனைப் பார்ப்பது போல அல்ல. கணக்கு எங்கே பிசகியது என்று தேடுகிறவர் பார்ப்பது போல. பிறகு மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "தேசத்துக்கு இன்னும் நாள் ஆகும் போலிருக்கு" என்று யாரிடமோ சொன்னார்.

தீர்ப்பு எதிர்பார்த்ததுதான். கோயில் மரியாதை இல்லை. நல்லது கெட்டதுக்கு யாரும் வரமாட்டார்கள். நாங்களும் போகக்கூடாது.

நூறு கூட்டங்களில் உண்மை பேசியிருக்கிறேன். ஒருவருக்கும் அதனால் ஒன்றும் ஆனதில்லை. இன்று சொன்னது பொய். நான் அவள் வார்த்தையை மாற்றினேன். வெயிலால் அல்ல. இதை இங்கே எழுதிவைக்கிறேன்.

தையல்நாயகியிடம் சம்பந்தம் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அவள் அடுப்படியில் வெகுநேரம் பாத்திரம் துலக்கினாள். துலக்கிய பாத்திரங்களையே மறுபடி துலக்கினாள்.

ஜூலை 23, செவ்வாய்

நாவிதன் வரவில்லை. மூன்று நாள் தாடியோடு மேரிக்குப் போனேன். முசே ஒன்றும் கேட்கவில்லை. பாரீஸில் இது நாகரிகம் என்று நினைத்திருக்கலாம்.

சாயங்காலம் குஞ்சிதம் வந்தாள். தெருவழியாக, வாசல் வழியாகவே வந்தாள். இனி அவள் கொல்லைப்புறமாக வர வேண்டியதில்லை. எங்கள் வாசலுக்கும் இனி கெட்டுப்போக ஒன்றும் இல்லை. நீலத்தில் ஒரு சாதாரணச் சேலை கட்டியிருந்தாள். பத்து வருஷத்துக்குப் பிறகு அவளைக் கலரில் பார்க்கிறேன். சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அகிலா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"கூட்டத்துல மாத்தல்லைன்னு சொன்னீங்களாமே" என்றாள்.

"ஆமாம்."

"ஊரெல்லாம் அதான் பேச்சு. துபாஷி தங்கச்சிக்காக நின்னாருன்னு. செக்கடித் தெருவுல உங்களக் கும்புடுறாங்க."

"உனக்குத் தெரியும்ல."

"எனக்கு மட்டுந்தான் தெரியும்." மடியிலிருந்த அகிலாவின் தலைமுடியைப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தாள். "அன்னைக்கு மாத்திச் சொன்னது எனக்குச் செஞ்சது. இது உங்களுக்கு நீங்களே செஞ்சுக்கிட்டது. ஒண்ணுக்கொண்ணு நேராப் போச்சுன்னு நெனச்சுக்காதீங்கண்ணே."

"நெனைக்கல்லை."

"கொஞ்சம் நெனச்சீங்க."

"கொஞ்சம் நெனச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அகிலாவின் பின்னலை இழுத்துக் கட்டினாள். அகிலா "ஆ" என்றாள்.

"அப்பா, எனக்குக் கல்யாணம் இல்லியாமே?" என்றாள் அகிலா.

"இப்போதைக்கு இல்லை."

"அந்தப் பையன் நல்லா இருப்பானா?"

"பாக்கல்லையே."

"நான் பாத்தேன். ஜன்னல் வழியா. பல்லு எடுப்பு" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அவளுக்கு நஷ்டத்தின் அளவு தெரியாது. எனக்குத் தெரியும். இந்த வீட்டின் கதவைத் தட்டி அவளைக் கேட்க இனி யார் வருவார்கள் என்று எனக்கும் தெரியாது. குஞ்சிதமும் அதைத்தான் நினைத்தாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது.

வருகிற திங்கட்கிழமை மேரியில் அவளுக்கும் அப்பாத்துரைக்கும் விவாகம். முறைப்படி அவள் சம்மதத்தை நான்தான் பிரெஞ்சில் சொல்ல வேண்டும்.

"அன்னைக்கு உத்தியோகமா நிப்பேன்" என்றேன். "அண்ணனா நிக்கலாமா?"

அவள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, சமையற்கட்டுப் பக்கம் பார்த்தாள். உள்ளே தையல்நாயகி இவ்வளவு நேரமும் வெளியே வரவில்லை.

"அண்ணி வந்தா வாங்க" என்றாள்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"திங்கக்கெழம எத்தனை மணிக்குடீ?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் தையல்நாயகி.